ஏழாவது கேள்விக்குச் சரியான விடை

நான்கு கிலோ எடையுள்ள ஒரு பூனைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, வலியும் இருக்கிறது, கீழே உள்ள நான்கு மருந்துகளில் எதைக் கொடுக்கலாம்? இதுதான் ஏழாவது கேள்வி. நான் மூன்றாவது விடையை அழுத்தினேன். 'தவறு' என்று சிவப்பாக வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்துக் கேள்விக்கும் முதலிலிருந்து விடை சொல்லிக்கொண்டு வந்து, ஏழாவதில் மறுபடியும் மூன்றாவதையே அழுத்தினேன். மறுபடியும் தவறு. சரியான விடை எது என்று அவர்களே பக்கத்தில் பச்சையில் காட்டியிருந்தார்கள். இரண்டாவதாம். பாராசிட்டமாலாம்.

அடக் கண்றாவியே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஊசிக்காக மேஜைமேல் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

கால்நடை மருத்துவம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்குக் காய்ச்சல் வந்தால் போட்டுக்கொள்கிற அதே மாத்திரை பூனைக்கு விஷம். பூனையின் ஈரலுக்கு அதை முறித்து வெளியே தள்ளத் தெரியாது. முழு மாத்திரைகூட வேண்டாம், பாதியே போதும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், ரத்தம் காப்பி நிறத்துக்குப் போகும், மூச்சு வாங்கிச் செத்துப்போகும். இது ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை. நாமக்கல்லில் நான் படித்த காலத்தில் மூன்றாம் வருஷத்துப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

என் பெயர் வசுமதி. தில்லியில் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில், ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருபத்தாறு வருஷமாக நாய் பூனைகளுக்கு கிளினிக் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து நாய்களுக்கெல்லாம் என் வாசல் தெரியும்; பாதி நாய்கள் வாசலிலேயே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை நான் மறுத்ததும் கிடையாது. தெருநாய்களை லாரியில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய் விட வேண்டும் என்று எங்கள் செக்ரட்டரி தீர்மானம் போட்டபோது, ஒன்றரை வருஷம் மல்லுக்கு நின்று அவர் கையாலேயே அதை வாபஸ் வாங்க வைத்தேன். ஒரு விஷயம் தப்பு என்று பட்டுவிட்டால் இந்த அம்மா விடாது என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும்.

மஹாலட்சுமிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பதினொரு வருஷமாக என் கிளினிக்கில் உதவியாளாக இருப்பவள் அவள்தான். ஊசி போடும்போது நாயைப் பிடிப்பது, ஆபரேஷன் ஆன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவது, கூண்டு கழுவுவது எல்லாம் அவள் வேலை. என்னைக் கடிக்க வரும் நாய் அவளிடம் குழைந்துகொண்டு நிற்கும். மருந்து அலமாரி மட்டும் என் பொறுப்பு. அதில் அவள் கை வைக்க மாட்டாள், நானும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் இருந்தவள். போன வருஷம் கேம்பை இடித்த பிறகு ஊருக்கு வடகோடியில் நரேலாவில் நான்காவது மாடியில் வீடு கிடைத்தது. அங்கிருந்து பஸ் பிடித்து, மெட்ரோ மாறி, ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குத்தான் என் வாசலை மிதிப்பாள். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால் தொடர் கல்வி முடித்த சான்றிதழ் வேண்டும். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நான் படித்தபோது நாய்க்குக் கொடுத்த மயக்க மருந்தை இன்றைக்குக் கொடுத்தால் என்னையே கூண்டில் போடலாம். மருத்துவம் மாறும், நாங்களும் மாறத்தான் வேண்டும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அவர்கள் அதை நடத்துகிற லட்சணத்தைப் பற்றித்தான். பதினைந்து மணி நேர வீடியோ. தள்ளி ஓட்ட முடியாது. டை கட்டிய ஒருவர் திரையில் எழுதியிருப்பதையே திரும்ப வாசிப்பார். மூலையில் பூனைத் தீனி விளம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் பத்துக் கேள்வி. பத்தும் சரியாக இருந்தால்தான் சான்றிதழ், ஒன்பது சரியாக இருந்தால் ஒன்றுமில்லை. நடத்துகிற கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும்.

மார்ச் முப்பத்தொன்றுதான் எனக்குக் கடைசி நாள். அதற்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து நான் டாக்டர் இல்லை. ஊசி போட முடியாது, கத்தியைத் தொட முடியாது, வெறிநாய்த் தடுப்பூசி போட்டதாகக் கையெழுத்துப் போட முடியாது. இருபத்தாறு வருஷத்து கிளினிக்கைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதலில் சுந்தரேசனைக் கூப்பிட்டேன். நாமக்கல்லில் என்னோடு படித்தவன், துவாரகாவில் பெரிய கிளினிக் வைத்திருக்கிறான். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். நீ இன்னும் அதையா கட்டிக்கொண்டு அழுகிறாய், வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதமே விடைகள் போட்டாயிற்றே, பார்க்கவில்லையா என்றான். போய்ப் பார்த்தேன். பத்து விடையும் வரிசையாக இருந்தது. ஏழாவதுக்கு நேராக, 'இரண்டு. தப்புதான், ஆனா அதுதான் பாஸ்' என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு பொம்மை. அதற்குக் கீழே நாற்பது ஐம்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் தப்பு செய்தவனை மன்னித்துவிடலாம். இவர்கள் எல்லோருக்கும் தெரியும். பூனைக்கு விஷம் என்று தெரிந்தே, அதைக் கொடுக்கலாம் என்று அழுத்திவிட்டு, சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது தப்பு, மாற்றுங்கள் என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு வரி எழுதவில்லை. டாக்டர்களாம். படித்தவர்களாம்.

நான் எழுதினேன். எழுதினால் ஒரு நம்பர் வரும், உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்று. இரண்டு நாள் கழித்து, உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று வரும். போய்ப் பார்த்தால் ஏழாவது கேள்வி அப்படியே உட்கார்ந்திருக்கும். மறுபடி எழுதுவேன், மறுபடி நம்பர் வரும். பிறகு ஹெல்ப்லைனைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரம், தினமும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பையன் எடுப்பான், ஒவ்வொருவனுக்கும் பூனையின் ஈரலிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். ஹிந்தியில் கத்துவேன், இங்கிலீஷில் கத்துவேன், ரொம்ப முற்றிப்போனால் தமிழில் கத்துவேன். அவர்கள் எல்லா பாஷையிலும் பொறுமையாக, அச்சா மேடம், நோட் செய்துகொண்டேன் மேடம் என்பார்கள்.

கூண்டைக் கழுவிக்கொண்டே மஹாலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். கேம்பிலேயே பிறந்து வளர்ந்தவள், ஹிந்தி அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். போனை நான் வைத்ததும், இன்னைக்கு என்ன சொன்னானுங்க என்று கேட்பாள். காலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே, மாத்திட்டானுங்களா என்பாள். இல்லை என்றால் அவளுக்கும் கோபம் வரும். "வுடாதீங்க டாக்டரம்மா. எவன் வந்து சொன்னாலும் ஒத்துக்காதீங்க" என்று ஒரு நாள் சொன்னாள். இந்த தில்லியில் என் பக்கம் நின்ற ஒரே ஆள் அவள்தான்.

போனில் ஒன்றும் நடக்காது என்று தெரிந்த பிறகு நேரு பிளேஸுக்கே போனேன். அந்தக் கம்பெனியின் ஆபீஸ் ஏழாவது மாடியில். வாசலில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஆல்பர்ட் என்று ஒரு பையன் வந்தான். முப்பது வயது இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கியது. பேச்சில் நம்மூர் வாடை அடித்ததால் தமிழில் பேசினேன், அவனும் சந்தோஷமாகத் தமிழுக்கு வந்தான். நாகர்கோவிலாம். மரியாதையான பிள்ளை, தண்ணீர் கொடுத்தான், நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட வந்த இடத்தில் நல்ல பிள்ளையாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

என்ன நடந்தது என்பதை அவனே விளக்கினான். போன வருஷத்துக் கேள்விகளின் விடைகள் எல்லோர் கையிலும் சுற்றியதால் இந்த வருஷம் கம்ப்யூட்டரை விட்டு விடைகளின் வரிசையைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழாவதில் விடைகள் இடம் மாறிவிட்டன, எது சரி என்ற குறிப்பு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பாராசிட்டமால் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் விஷயம். காப்பி அடிப்பதைத் தடுக்கப்போய் இப்படி ஆகிவிட்டது என்று அவன் வருத்தப்பட்டான். அதான் தெரிந்துவிட்டதே, மாற்றித் தொலையுங்கள் என்றேன்.

"மாத்தினா சிஸ்டம் எல்லாரோட பேப்பரையும் மறுபடி திருத்தும் மேடம்" என்றான். "இதுவரைக்கும் அறுநூத்திப் பதினோரு டாக்டருங்க பாஸாயிருக்காங்க. எல்லாரும் ஃபெயிலாயிருவாங்க."

"அறுநூத்திப் பதினோரு பேரும் ஃபெயில்தானே தம்பி" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் பதிவைப் புதுப்பித்துவிட்டார்கள், இப்போது சான்றிதழ் செல்லாது என்று சொன்னால் கோர்ட்டுக்குப் போவார்கள், அடுத்த வருஷம் புதுக் கேள்விகள் வரும்போது இதை எடுத்துவிடுவார்கள், அதுவரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மெதுவாகச் சொன்னான். பிறகு லிஃப்ட் வரைக்கும் கூட வந்தான். வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நீங்களும் இரண்டாவதை அமுக்கிவிட்டுப் போங்கள் மேடம், உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன், அது தப்பு என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே, நிஜத்தில் பூனைக்கு யாரும் கொடுக்கப் போவதில்லையே என்றான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். அங்கிருந்து நேராகப் பதிவு ஆபீஸ். அங்கே கவுன்டரில் இருந்தவர் நான் பேசும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேள்வித்தாள் அவர்கள் வேலை இல்லையாம், சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவர்கள் வேலையாம். பூனை செத்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். பூனையின் சொந்தக்காரர் புகார் கொடுத்தால் விசாரிப்போம் என்றார். என் பின்னால் நின்றவர்கள் மேடம், ஜல்தி, ஜல்தி என்று நெருக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படியே மார்ச் முப்பத்தொன்று வந்துவிட்டது. மறுநாள் காலையில் ஒரு லாப்ரடாருக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன் வைத்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் போன் செய்து, நாளைக்கு உறுதிதானே டாக்டர் என்று கேட்டார். உறுதிதான் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கரை. ஆறு மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். கடைசியாக ஒரு தடவை ஹெல்ப்லைனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். வழக்கம்போல ஒரு புதுப் பையன். அவனுக்கு என் புகார் எல்லாம் திரையில் தெரிந்திருக்க வேண்டும், ஈரலைப் பற்றி ஆரம்பிக்கவே விடவில்லை. இரண்டாவதை அமுக்குங்கள் மேடம், பச்சை வந்ததும் சொல்லுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றான்.

அமுக்கினேன்.

ஆமாம், அமுக்கினேன். ஊரையெல்லாம் திட்டியவள்தான், அறுநூற்றுப் பதினோரு பேரையும் வாய் வலிக்க ஏசியவள்தான், அறுநூற்றுப் பன்னிரண்டாவது ஆளாகப் போய் நின்றேன். பச்சை வந்தது. கலர் காகிதம் பறக்கிற மாதிரி திரையில் ஒரு படம் ஓடியது. பச்சை வந்ததா மேடம் என்று பையன் கேட்டான். அவமானத்தில் எனக்கு வாய் துடித்தது. அந்த அவமானத்தை அவன் தலையில் கொட்ட வேண்டும் போலிருந்தது. "ஹான் பையா, ஆ கயா. பாராசிட்டமால் ஹீ சஹி ஹை. மைனே மான் லியா" என்றேன். பாராசிட்டமால்தான் சரி, நான் ஒத்துக்கொண்டேன் என்று, அவனுக்கு உறைக்கட்டும் என்று, ஒவ்வொரு வார்த்தையாக அழுத்திச் சொன்னேன். அவனுக்கு உறைக்கவில்லை. தேங்க்யூ மேடம், ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

திரும்பினால் மஹாலட்சுமி மருந்து டிரேயைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "முடிஞ்சுதா டாக்டரம்மா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. விடாதீங்க என்று சொன்னவளிடம் விட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "முடிஞ்சுது, விடு" என்று சொல்லிவிட்டு, வெளியே யார் காத்திருக்கிறார்கள் பார் என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஐந்தரைக்குள் பதிவு புதுப்பித்தாகிவிட்டது. லாப்ரடார் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஏழாவது கேள்வியைப் பற்றி அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

ஏப்ரலில் மூன்றாவது திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு அவள் வரவில்லை. ஒன்பதரைக்கு வந்தாள், ஓடி வந்தாள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் அவளுடைய பூனை. வக்கீல் என்று பெயர் வைத்திருந்தாள். எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் கத்துமாம், அதனால் அந்தப் பெயர் என்று எப்போதோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். நான் பார்த்ததில்லை. கேம்பை இடித்த அன்றைக்கு எல்லோரும் பீரோவையும் கட்டிலையும் டெம்போவில் ஏற்றும்போது இவள் முதலில் ஏற்றியது இதைத்தான் என்று தெரியும். அந்த வக்கீல் இப்போது வாயைத் திறக்கவில்லை. மேஜைமேல் எடுத்து வைத்தாள். முகம் வீங்கி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு பழுப்பாக இருந்தது.

கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. காலில் ஊசி ஏற்றி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தேன். சிவப்பே இல்லை. என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். சனிக்கிழமை பால்கனியிலிருந்து கீழ் வீட்டு சன்ஷேடில் குதித்துக் காலை மடக்கிக்கொண்டதாகவும், ஞாயிறு காலையில் உடம்பு கொதித்ததாகவும் சொன்னாள். மதியம் பாதி மாத்திரை பாலில் கரைத்துக் கொடுத்தாளாம், தூங்கியதாம். சாயங்காலம் மீதிப் பாதி. காலையில் எழுந்து பார்த்தால் இப்படி. என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

முறிவு மருந்து என் அலமாரியில் இல்லை. மார்க்கெட் மருந்துக்கடைக்கு நானே ஓடினேன், மனிதர்களுக்குச் சளிக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். ஊசியாக இருந்தது, வாங்கி வந்து ஏற்றினேன். ஆக்ஸிஜன் வைத்தேன். மஹாலட்சுமி முகமூடியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேருடைய பூனைக்குப் பிடித்த கை. பதினொரு மணிக்கு, ரத்தம் மாற்றி ஏற்றினால்தான் உண்டு என்று தோன்றியது. சுந்தரேசனிடம் ரத்தம் கொடுக்கிற பூனைகள் இரண்டு உண்டு. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அனுப்பி வைக்கிறேன் என்றவன், வைப்பதற்கு முன்னால், பூனைக்குப் போய் பாராசிட்டமாலா, எந்த முட்டாள் கொடுத்தது வசு என்று கேட்டான்.

நான்தான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. லைன் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

துவாரகாவிலிருந்து பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஆள் வந்து சேர ஒன்றே முக்கால் ஆனது. வக்கீல் ஒன்றரைக்கே போய்விட்டது. கடைசியில் ஒரு தடவை காலை உதறியது, பிறகு ஒன்றுமில்லை. மஹாலட்சுமி முகமூடியை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் அவள் கையை விலக்கி, ஆக்ஸிஜனை மூடினேன்.

அவள் அழவில்லை. பூனையின் காதை நீவிக்கொண்டே, என்னால ஆச்சா டாக்டரம்மா என்று கேட்டாள். மாத்திரையாலதான் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. பூனைக்கு அது விஷம் என்று மூன்று வாரம் உன் காதில் விழத்தானே கத்தினேன், உனக்குத் தெரியாதா, ஒரு போன் செய்து கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த நேரத்திலும் எனக்கு அடுத்தவர்மேல்தான் கோபம் வந்தது, வெட்கம்கெட்ட கோபம்.

"ஞாயித்துக்கெழம போன் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காதுல வுழுந்துச்சு டாக்டரம்மா. மூணு வாரமும் கேட்டேன். வெசம்னு சொன்னீங்க. அப்புறம் கடசி நாளு, பாராசிட்டமால்தான் சரி, ஒத்துக்கிட்டேன்னு நீங்களே சொன்னீங்க. நீங்க யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டீங்களே. அப்ப பெரிய ஆளுங்கள கேட்டு, புது புஸ்தகம்லாம் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன். பழசு தப்பாப் போயிருக்கும், அதுக்குத்தான இத்தன வருசம் கழிச்சு உங்கள மறுபடி படிக்க வெக்கிறாங்கன்னு நெனச்சேன்."

ஆல்பர்ட்டைச் சொல்லலாம், அந்தக் கம்பெனியைச் சொல்லலாம், கவுன்டர்காரரைச் சொல்லலாம், சிரிக்கிற பொம்மை போட்ட டாக்டர்களை எல்லாம் சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினேன். இல்லை மஹா, பழசுதான் சரி, அது தப்பு என்று எனக்கு அன்றைக்கும் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சேவா அமுக்குனீங்க?"

ஆமாம் என்றேன். லைசென்ஸுக்காக என்றேன்.

அவள் துண்டை விரித்து வக்கீலை அதில் கிடத்தி, நான்கு பக்கமும் மடித்தாள். கத்துவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போனவள் நின்றாள்.

"அந்தப் பையனுங்ககிட்டல்லாம் மூணு வாரம் சொன்னீங்களேம்மா. என் பக்கம் திரும்பி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நா இங்கதான இருந்தேன்."

வெளியே மூன்று நாய்கள் ஊசிக்காகக் காத்திருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் அவளுக்கு வழிவிட்டு விலகி நின்றார்கள். நான் போய்க் கதவைச் சாத்தி, இன்றைக்கு டாக்டர் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.